கழுவும் பொறியைக் கழுவுவது யார்?

வீட்டு வேலைகளில் இரு வகை உண்டு. செய்து முடித்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரு வகை; செய்யாமல் விட்டால் மட்டுமே கண்ணுக்குத் தெரிவது மற்றொரு வகை. சமைத்தல் முதல் வகையைச் சாரும். கழுவுதல் இரண்டாம் வகையைச் சாரும். சமைத்தவருக்குப் பாராட்டு உண்டு. கழுவியவருக்கு அது கிடைப்பது அரிது. இவ்வேறுபாட்டினாலோ என்னவோ, அரைக்கவும் பொரிக்கவும் சுடவும் பொறிகளைப் படைத்த அறிஞர் பலர், அப்பொறிகள் தம்மைத் தாமே கழுவிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தவர் சிலர். அவர்களைப் பற்றி நம் குடியிருப்புக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

மைசூரில் வாழும் நாம் இவ்வரலாற்றை நம் ஊரிலிருந்தே தொடங்குவது முறையாகும். வீட்டுப் பொறிகளுக்கெல்லாம் உயிர் மின்சாரமன்றோ! காவிரி விழுந்து ஓடும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்க வழிகோலியவர் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுப் பகுதியில் 1845-இல் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூர் அரசின் திவானாக விளங்கிய தமிழர் அவர். நிலையம் இயங்கியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1901-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1902-இல், அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. 1905-இல் பெங்களூரும் 1908-இல் மைசூரும் ஒளி பெற்றன. முதலில் பொன், அடுத்துத் தெரு விளக்கு, அதன்பின் அரண்மனையும் ஆலைகளும் என்ற வரிசையில் மின்சாரம் நடந்தது. அடுக்களைக்கு அது வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வீடுகளில் விளக்கு எரிந்தது. அதன் ஒளியிலேயே பெண்கள் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக் கொண்டிருந்தனர்.

அடுக்களைக்குள் மோட்டாரைக் கொணர்ந்த பெருமை கோவைக்கு உரியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அங்கே ஆலைகள் பெருகின. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். முகம் மழிக்கும் மின்கருவி, வாக்குப் பதியும் பொறி, பழச்சாறு பிழியும் கருவி எனப் பலவற்றைப் படைத்த நாயுடு அவர்களின் பெயரை அறியாத தமிழர் இலர். ஆயினும் இட்லி மாவுக்கு அந்நகரம் செய்த தொண்டு 1955-இல் பி. சபாபதி என்பவரால் நிகழ்ந்தது என்பர். ஆட்டுக்கல்லை மோட்டாருடன் இணைத்து அவர் உருவாக்கியதே கிரைண்டர்.

இப்பொறியில் ஒரு நுட்பம் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் கல் அசையாது நின்றது, குழவி சுழன்றது. பொறியிலோ குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுழல விட்டனர். கை செய்த வேலையைப் பொறி அப்படியே போலி செய்யவில்லை, தலைகீழாக்கிச் செய்தது. மாவைத் தள்ளிவிடும் கையின் வேலையை ஓரத்தில் நிற்கும் ஒரு சிறு பலகை ஏற்றுக்கொண்டது. அரைக்கும் கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறை உகந்ததாக இருந்தது. இத்தொழில் கோவைக்கே உரியதாய் வேரூன்றிவிட்டமையால் 2005–06-இல் கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அரைக்கும் துன்பம் தீர்ந்தது. கழுவும் துன்பம்? அது கூடியது என்றே சொல்ல வேண்டும். திண்ணையோரத்து ஆட்டுக்கல்லை நீரூற்றித் துழாவிக் கழுவலாம். சிந்தும் நீர் தானே வழிந்தோடும். அடுக்களை மூலையில் மரப்பெட்டிக்குள் அமர்ந்த பொறிக்கு அவ்வசதி இல்லை. மாவை வழித்த பின் நீரை ஊற்றிச் சில சுற்று ஓடவிட வேண்டும். பிறகு அந்நீரைக் கையால் முகந்து முகந்து வெளியேற்ற வேண்டும். கனத்த குழவியைத் தூக்கித் தனியே கழுவி, ஈரம் போக வைக்க வேண்டும். சற்றே தாமதித்தால் அரிசிமாவு காய்ந்து, சுவரொட்டி ஒட்டும் பசைபோல் இறுகிவிடும். அடியில் மோட்டார் இருப்பதால் நீர் சிந்தலாகாது. முன்பு ஆட்டுக்கல் கழுவிய நீர் வீணாகவில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம். முதல் கழுநீர் மாவிலேயே சேர்ந்தது; எஞ்சியது கழுநீர்த் தொட்டி வழியாக மாட்டின் வயிற்றுக்குச் சென்றது. மாடும் இல்லை, தொட்டியும் இல்லை என்ற நகர வாழ்வில் அது சாக்கடைக்குப் போகிறது.

இக்குறையை உணர்ந்தே கோவைத் தொழிலாளர் பொறியை மேலும் மேலும் மாற்றினர் எனலாம். சாய்த்து மாவை ஊற்றும் கிரைண்டர் வந்தது. கழுநீரை முகக்கும் வேலை அத்துடன் ஒழிந்தது. அடுத்து மேசை மீது வைக்கும் சிறு கிரைண்டர் வந்தது. அதில் பாத்திரத்தையே கழற்றி எடுத்துச் சென்று குழாயடியில் கழுவலாம். ஒரு பெரிய குழவிக்குப் பதில் கையில் அடங்கும் இரண்டு மூன்று உருளைக் கற்கள் போதும். இவை தாமே தூய்மையாகும் பொறிகள் அல்ல. ஆனால் அத்திசை நோக்கி வைத்த அடிகள். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் இல்லங்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, நம் ஊர்ப்பக்கத்து உறவினர் வீடுகளிலும் ஆட்டுக்கல் வாசலுக்குப் போயிற்று. "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று தெருவில் ஒலித்த குரலும் அதனுடன் தேய்ந்தது. அக்குரல் மறைந்ததை நான் முன்னேற்றக் கணக்கில் முழுமையாகச் சேர்க்க மாட்டேன்.

மிக்ஸியின் கதை சுருக்கமானது. சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளரின் மனைவியார் பயன்படுத்திய வெளிநாட்டுக் கருவி நம் நாட்டு அரைப்புக்குத் தாங்காமல் பழுதாயிற்று. மனைவியின் தேவைக்காக அவர் வலிய மோட்டார் பொருத்தி 1963-இல் உருவாக்கியதே சுமித் மிக்ஸி. சட்டினி அரைத்தபின் சிறிது நீரூற்றி ஒரு சுற்று விட்டால் பாதித் தூய்மை தானே ஆகிவிடும். ஆகவே, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் முதல் அடுக்களைப் பொறி என்று இதனை நாம் விளையாட்டாகக் கூறலாம். மீதிப் பாதி கத்தியின் அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் ஒளிந்திருக்கும். அதை எடுப்பதற்குக் குச்சியும் பொறுமையும் வேண்டும்.

இனிக் கடல் கடந்து செல்வோம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மையார் வாழ்ந்தார். அவர் வீட்டுப் பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் கழுவும்போது உடைந்தமையே அவருடைய ஆய்வுக்குத் தூண்டுகோல். 1883-இல் கணவர் கடன்களை விட்டு மறைந்தார். அதன்பின் அவருக்கு இம்முயற்சி பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்பாகவே ஆயிற்று. தட்டுகளின் அளவுக்கேற்பக் கம்பிச் சட்டங்கள் வளைத்து, அவற்றைச் செம்புக் கொப்பரைக்குள் ஒரு சக்கரத்தில் பொருத்தி, சோப்புக் கலந்த வெந்நீரை அழுத்தத்துடன் பீய்ச்சினார். துணி கொண்டு தேய்க்காமல் நீரின் விசையாலேயே பாத்திரம் துலக்கும் இப்பொறிக்கு 1886 டிசம்பர் 28-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அது பரிசும் பெற்றது. அதே ஆண்டில், அதே விழாவையொட்டிய சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் உரை நிகழ்த்தினார் என்பதை நம்மவர் அறிவர்.

இவ்வளவும் நிகழ்ந்தும், அப்பொறியை வாங்கியவர்கள் இல்லத்தரசியர் அல்லர். பெரிய உணவு விடுதியினர். காரணம் வெளிப்படை. அத்துணை வெந்நீர் காய்ச்சும் வசதி அக்காலத்து வீடுகளில் இல்லை. வீட்டில் கழுவுபவருக்குச் சம்பளமும் இல்லை. சம்பளம் இல்லாத வேலையை மிச்சப்படுத்தப் பணம் செலவிட எந்தக் குடும்பத் தலைவர் முன்வருவார்? விடுதிக்காரர் கணக்குப் பார்த்தார்; கூலி மிச்சம் என்று கண்டார்; வாங்கினார். 1913-இல் அம்மையார் மறைந்தார். 1950-களில்தான் அவர் கருதிய பொறி அமெரிக்க வீடுகளில் பரவலாயிற்று. இன்று நம் குடியிருப்பிலும் ஓரிரு இல்லங்களில் அதனைக் காண்கிறோம். அடிப்பிடித்த பால்சட்டியும் தாளித்த இரும்புக் கரண்டியும் அதன் ஆற்றலைச் சோதிக்கின்றன. அதன் அடியிலுள்ள வடிகட்டியைக் கையால்தான் கழுவ வேண்டும்.

1963-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தன்னைத் தானே தூய்மைப்படுத்தும் அடுப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. நீரும் இல்லை, சோப்பும் இல்லை, நெருப்பே துப்புரவாளன். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே 480 டிகிரி செல்சியசு அளவுக்கு வெப்பத்தை ஏற்றினால் ஒட்டிய கொழுப்பெல்லாம் எரிந்து சாம்பலாகும். ஆறிய பின் ஈரத் துணியால் சாம்பலைத் துடைத்தால் போதும். பானையைச் சூளையிலிட்டால் பழைய பிசுக்கு எரிந்துபோகும் என்பதை நம் குயவர் அறியாதவர் அல்லர். அதே உண்மையை அடுப்புக்குள் அடக்கியதே இக்கண்டுபிடிப்பு. இப்போது நம் நாட்டு அடுக்களைகளில் புகைபோக்கிப் பொறி வந்துள்ளது. அதனுள்ளும் சூடேற்றும் கம்பி உண்டு. பொத்தானை அழுத்தினால் படிந்த எண்ணெய் உருகி ஒரு சிறு கிண்ணத்தில் வடியும். தானே தூய்மையாகும் என்று விளம்பரம் கூறுகிறது. கிண்ணத்தை எடுத்துக் கொட்டுவோரைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் இல்லை.

கழுவுவதை எளிதாக்குவது ஒரு நெறி. அழுக்கே ஒட்டாமற் செய்வது மற்றொரு நெறி. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பற்றின்மைக்கு உவமை கூறி வந்தோம். அந்த இலையில் நீர் ஏன் ஒட்டவில்லை என்று ஜெர்மனியில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்னும் தாவரவியலார் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும், அவற்றின் மேல் மெழுகுத் துகள்களும் உள்ளன. நீர்த்துளி அவற்றின் உச்சியில் மட்டுமே தங்கி உருள்கிறது. உருளும்போது தூசியையும் அள்ளிச் செல்கிறது. 1997-இல் அவரும் நைன்ஹூயிஸ் என்பவரும் இதனை விரிவாக வெளியிட்டனர். அடுத்த ஈராண்டில் இம்முறையில் சுவர்ப்பூச்சு விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் அகிரா புஜிஷிமா 1967-இல் கண்ட வேறொரு விளைவு, டைட்டானியம் ஆக்சைடு பூசிய ஓடும் கண்ணாடியும் வெயிலொளியில் அழுக்கைச் சிதைக்க உதவியது. 2001-இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அவ்வகைச் சன்னல் கண்ணாடியை வெளியிட்டது. இவையெல்லாம் வெயிலும் மழையும் படும் இடங்களுக்கே ஏற்றவை, அடுக்களைக்கு அல்ல. பந்திக்கு நம் முன்னோர் கண்ட வாழையிலைக்கு ஈடான ஏனம் இன்னும் பிறக்கவில்லை என்பது என் துணிபு.

நம் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் தோசை வார்க்கும் பொறியையும் சப்பாத்திப் பொறியையும் அமைத்துள்ளனர். இத்தகைய ஆலைப் பொறிகளிலும் பால்பண்ணைகளிலும் தூய்மை உயிர்நாடி. பால்பண்ணைக் குழாய்களை 1950-கள் முதற்கொண்டு கழற்றாமலேயே கழுவுகின்றனர். முதலில் நீர், அடுத்துச் சூடான காரக் கரைசல், மீண்டும் நீர், பின் அமிலம், இறுதியில் மீண்டும் நீர் என வரிசையாகக் குழாய்க்குள் ஓடவிடுவர். காரம் கொழுப்பையும் புரதத்தையும் நீக்கும். அமிலம் பாற்படிவான உப்பைக் கரைக்கும். தானே கழுவிக்கொள்ளும் பொறி முழு வெற்றி பெற்ற இடம் இதுவே. அக்குழாயில் நாள்தோறும் பால் ஒன்றே ஓடுகிறது. வீட்டிலோ காலையில் இட்லி மாவு, நண்பகலில் புளிக்குழம்பு, மாலையில் எண்ணெய்ப் பலகாரம். ஒரே வரிசையில் இவை அனைத்தையும் கழுவ இயலாது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் அம்மையார் 1983-இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். பொறிகள் வந்த பின்னும் இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதே அது. ஆடவரும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்து வந்த பங்கைப் பொறிகள் எடுத்துக்கொண்டன. எஞ்சியதெல்லாம் ஒருவர் தலையில் விழுந்தது. நம் வீடுகளிலும் இதனைக் காணலாம். ஆட்டுக்கல்லில் ஒருவர் ஆட்டுவார், மற்றொருவர் தள்ளிவிடுவார், பேச்சுத் துணையும் உண்டு. கிரைண்டருக்கு ஒருவர் போதும். அவ்வொருவர் தனியே நின்று கழுவுகிறார். எங்கள் வரிசையில் வாழும் முதிய அம்மா ஒருவர், தம் மருமகள் பணிக்குச் சென்று மாலை திரும்பியதும் கிரைண்டரைக் கழுவ நிற்பதைக் கண்டு, "நீ போம்மா, உன் பையன் கழுவட்டும், மாவு அவனுக்குந்தானே" என்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அப்பேரன் இன்று ஞாயிறுதோறும் அவ்வேலையைச் செய்கிறான். எந்தக் காப்புரிமையும் பெறாத இந்த ஏற்பாடு நன்றாகவே இயங்குகிறது.

இவ்வரலாற்றில் ஒருவர் மட்டும் பொறியோடு நிற்கவில்லை. வீட்டையே கழுவிக்கொள்ளச் செய்தார். பிரான்சிஸ் கேப் அம்மையார் 1915-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் கட்டடத் தொழிலர். சிறுமியாய் இருந்தபோதே அவருடன் கட்டுமானப் பணியிடங்களுக்குச் சென்று தொழில் கற்றார். மணமான பின் வீடு பழுதுபார்க்கும் தொழிலையும் நடத்தினார். ஒரு நாள் சுவரில் அத்திப்பழப் பாகு வழிந்திருக்கக் கண்டு, துடைக்க மனமின்றித் தோட்டத்துக் குழாயைக் கொணர்ந்து பீய்ச்சினார் என்பர். அதிலிருந்து பிறந்தது அவருடைய எண்ணம்.

ஓரிகன் மாநிலத்தில் நியூபெர்க் என்னும் ஊரில் தம் வீட்டைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். அறைதோறும் கூரையில் சுழலும் நீர்ப்பீச்சி. பொத்தானை அழுத்தினால் முதலில் சோப்பு நீர், அடுத்துத் தெளிந்த நீர், முடிவில் வெப்பக் காற்று. தரை சற்றே சரிந்திருப்பதால் நீர் மூலைக்கு ஓடி வெளியேறும். வெளியேறும் வழியில் நாய்க்கூண்டும், உள்ளே நாயும் கழுவப்படும்! ஏனங்களை வைக்கும் அலமாரியே அவற்றைக் கழுவி உலர்த்தும். எடுத்து அடுக்கும் வேலை இல்லை. உடைகள் மாட்டிய நிலையிலேயே ஒரு பெட்டிக்குள் துவைந்து உலர்ந்து அலமாரிக்கு நகரும். 68 தனித்தனிக் கருவிகள் அடங்கிய இவ்வமைப்புக்கு 1984 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது.

செய்தித்தாள்கள் சிரித்தன. சிரிப்புக்கு இடமும் இருந்தது. நாற்காலி மேசைகளுக்கெல்லாம் நீர்புகா மெருகு பூச வேண்டும்; கம்பளம் கூடாது; படுக்கையை மூடி வைக்க வேண்டும்; நூல்களுக்கு உறை போட வேண்டும். அம்மையாரின் வீட்டைத் தவிர அத்தகைய வீடு எங்கும் எழவில்லை.

ஆயினும் நம்மவர் அதனைக் கண்டு வியக்க வேண்டியதில்லை என்பேன். முற்றம் வைத்த நம் வீடுகளின் செங்காவித் தரையும் கருங்கல் தரையும் எதற்காகச் சரிவுடன் அமைந்தன? வாளி வாளியாய் நீரூற்றித் துடைப்பத்தால் தள்ளினால் ஒரு துளையின் வழியே எல்லாம் வெளியேறும். கம்பளமில்லை, கட்டிலும் குறைவு, பாயைச் சுருட்டி வைத்தால் அறை வெறுமை. கேப் அம்மையார் பெருஞ்செலவில் செய்ததில் பாதியை நம் கொத்தனார்கள் அளவுகோலும் நூல்குண்டும் கொண்டு செய்து வைத்திருந்தனர். இருப்புப்பாதைத் துறையில் இருபதாண்டாக எழுத்தராய் இருக்கும் எனக்கு வேறோர் ஒப்புமையும் தோன்றுகிறது. இரயில் பெட்டியும் அத்தகைய வீடே. இருக்கைகள் அசையாதவை, நீர் பட்டால் கெடாதவை, தரை கழுவுவதற்கென்றே அமைந்தது. வெளிப்புறத்தைக் கழுவச் சில பணிமனைகளில் தானியங்கிப் பொறிகள் உண்டு. உட்புறத்தை இன்றும் தொழிலாளர் கைகளே தேய்க்கின்றன.

மைசூர் நகரம் 2015-இலும் 2016-இலும் நாட்டின் தூய நகரங்களில் முதலிடம் பெற்றபோது நாமெல்லாம் பெருமை கொண்டோம். அதனைப் பெற்றுத் தந்தவர்கள் விடியற்காலையில் நம் வாசலுக்கு வரும் பௌரகார்மிகர்கள்.

கேப் அம்மையார் முதுமையிலும் அவ்வீட்டில் நெடுங்காலம் தனியே வாழ்ந்தார். கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதுற்றன. 2016 டிசம்பரில், தம் 101-ஆம் வயதில் மறைந்தார். ஊர் ஊராக எடுத்துச் சென்று அவர் விளக்கிக் காட்டிய சிறு மாதிரி வீடு இப்போது டெலவேர் மாநிலத்திலுள்ள ஹாக்லி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.